குரங்குப் படமும் எங்கள் வீட்டு அபிப்பிராயங்களும்

“பாட்டு ஒண்ணுகூட இல்லையே லா,” என்றார் நாகப்பன் அண்ணன். “ஒன்றரை மணி நேரம் குரங்கையே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி?”

“குரங்குப் படத்துல குரங்கு வராம தோட்டத்துக் கிராணியா வருவாரு?” என்றாள் அவர் மனைவி வசந்தா.

ரவாங்கில் ஒரு பேரங்காடியின் மேல் மாடி. தியேட்டருக்கு வெளியே, சோளப்பொரி விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். வெண்ணெயும் சீனியும் சேர்ந்து கருகுகிற வாசனை. உள்ளே குளிரில் உட்கார்ந்திருந்ததில் எனக்குக் காது மடல் இன்னும் சில்லென்று இருந்தது.

வசந்தா என் வீட்டுக்காரரின் தங்கை. அவளும் நாகப்பன் அண்ணனும் பத்தாங் காலியிலிருந்து வந்திருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரர் மாரிமுத்துவும் ஈஜோக்கிலிருந்து. நான்கு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள். கார்ட்டூன் பொம்மைப் படம் பார்க்க வந்த கூட்டத்தில் சின்னப் பிள்ளை யாரும் இல்லாமல் வந்த குடும்பம் நாங்கள் மட்டும்தான். டிக்கெட் கிழித்த பையன் எங்களுக்குப் பின்னால் பிள்ளைகள் வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கவும் செய்தான்.

வசந்தாவும் அண்ணனும் படத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரில் இருந்த விளம்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல எல்லாருடைய பையையும் சுமந்துகொண்டு நின்றேன்.

திடீரென்று உறைத்தது. எங்களோடு வந்த ஐந்தாவது ஆள் எங்கே? பவானி, எங்கள் ஒரே மகள். டிக்கெட் எடுத்து, பொரி வாங்கிக் கொடுத்து, எங்களை வரிசையாக உட்காரவைத்தவளே அவள்தான்.

கதவு திறந்தது. கூட்டுகிறவர்கள் துடைப்பத்தோடு உள்ளே போனார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, கடைசி ஆளாகப் பவானி வெளியே வந்தாள்.

“எங்கடி போயிட்ட?”

“எங்கயும் போகலம்மா. உள்ளதான் இருந்தேன். பேரு பாத்துட்டு வந்தேன்.”

“யாரு பேரு?”

“எம் பேரு,” என்றாள்.

அது அவள் வேலை பார்த்த படம். மூன்று வருஷமாக இரவு பகல் பாராமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்த படம். முடிந்ததும் உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஏறிப் போகும், அதில் தன் பெயரும் வரும், அதைப் பார்த்து நாங்கள் அசந்து போவோம் என்று நினைத்து, பெயர் வருவதை மட்டும் முன்னால் சொல்லாமல் அழைத்து வந்திருக்கிறாள். நாங்களோ கடைசிக் காட்சி முடிந்து இசை எழும்பியதுமே நான்கு பேரும் ஒரே ஆளாக எழுந்து, இருட்டில் படியைத் தடவித் தடவி இறங்கி வந்துவிட்டோம். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. அவள் காலி வரிசையில் தனியாக உட்கார்ந்து தன் பெயரைப் பார்த்திருக்கிறாள்.

நாகப்பன் அண்ணன் நேராக டிக்கெட் கிழிக்கும் பையனிடம் போய், பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம், ஐந்து நிமிஷம் விடு என்று கேட்டார். “முடியாது லா அங்கிள், அடுத்த ஷோ ஆள் ஏறப் போறாங்க,” என்றான் அவன், பாவம்.

“விடுங்க மாமா,” என்றாள் பவானி. “பரவால்ல.”

பரவாயில்லை என்று சொல்கிற முகமாக அது இல்லை.

லோரி காத்திருக்காது

ஏன் அப்படி எழுந்தோம் என்று அவளுக்கு விளக்க முடியவில்லை. உங்களுக்குச் சொன்னால் புரியும்.

‘எப்போதும் பழங்கதையே எழுதுகிறீர்களே, போன வாரம் பார்த்ததை எழுதக் கூடாதா’ என்று சபாக் பெர்ணமிலிருந்து இந்தப் பத்தியின் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். புதுசாகத்தான் ஆரம்பித்தேன், அம்மா. படம் புதுசு. பார்த்தவர்கள் பழசு. நான் என்ன செய்ய?

கோலசிலாங்கூர் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில், வாரம் முழுக்க எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரிதான் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு மத்தியான ஆட்டத்துக்குப் போகும். முதல்நாளே தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடுவார்கள். என்ன கழுவினாலும் குலையின் எண்ணெய் வாடை போகாது. பவுடர் போட்டு, பூ வைத்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு போய், குலை வாடையோடு திரும்பி வருவோம்.

லோரிக்காரர் ஒரு முன்கோபி. படம் முடிகிற நேரத்துக்கு வந்து வாசலில் எஞ்சினைப் போட்டுவிடுவார். அந்த உறுமல் உள்ளே வரைக்கும் கேட்கும். தலையெண்ணிப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஏறியவன் ஏறினான். ஏறாதவன் செம்மண் சாலையில் நடந்து வர வேண்டியதுதான். முதலில் ஏறுகிறவர்களுக்கு முன்பக்கம், மழை படாத இடம். கடைசியில் ஏறினால் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்.

அதனால் கடைசிச் சண்டை ஆரம்பித்ததுமே கால் தானாகச் செருப்பைத் தேடும். வில்லன் விழுந்தான் என்றால் நாங்கள் எழுந்துவிடுவோம். அதற்குப் பிறகு கதாநாயகன் என்ன சொன்னான், அவன் அம்மா மன்னித்தாளா, கல்யாணம் நடந்ததா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. நடந்திருக்கும் என்று நாங்களே முடித்துக்கொள்வோம்.

அப்படி நான் முடித்துக்கொண்ட படம் ஒன்றை வெகுகாலம் கழித்து டிவியில் போட்டார்கள். சமையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். வில்லன் விழுந்த பிறகு கதாநாயகனின் தங்கை செத்துப்போகிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை காலம் அவள் புருஷன் வீட்டில் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தை விட்டு வந்தோம். செரண்டாவில் வாடகை வீட்டில் இருந்து தொழிற்சாலை வேலை பார்த்தோம். இப்போது ஈஜோக்கில் சொந்த வீடு. எந்த லோரியும் எங்களுக்காக எந்த வாசலிலும் நிற்கவில்லை. இருந்தாலும் இசை கொஞ்சம் உயர்ந்தால் கால் செருப்பைத் தேடுகிறது.

தீர்ப்பு சொன்ன இளைஞர்

திரும்பும் வழியில் பெண்கள் லோரியின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். ஆண்கள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். லோரி பட்டணத்தைத் தாண்டியதும் யாராவது ஒருவர் கேட்பார்.

“மாரி, படம் எப்படி?”

மாரி என்பது என் வீட்டுக்காரர். அப்போது எனக்கு அவர் யாரோ. குலை வெட்டுகிற இளைஞர், ஒல்லியாக, மீசை அப்போதுதான் ஒழுங்காக வந்திருந்தது. கேட்டவுடன் பதில் சொல்லிவிட மாட்டார். காற்றில் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பார். லோரியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவரிடம் மூன்றே தீர்ப்புதான். படு மோசமென்றால் “டுயிட் தண்டம்”, போட்ட காசு வீண். சுமார் என்றால் “ஒருவாட்டி பாக்கலாம்”. “ரெண்டு வாட்டி பாக்கலாம்” என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அடுத்த மாதமும் அதே படம் ஓடாதா என்று ஜனங்கள் ஏங்கும். மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிடுவதற்கு முன்பே அந்தத் தீர்ப்பு எல்லா லயத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

பாயில் உட்கார்ந்திருந்த எங்களை யாரும் படம் எப்படி என்று கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்கள் அபிப்பிராயமெல்லாம் மறுநாள் வெளிக்காட்டு வேலையில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடிக்கும்போது எங்களுக்குள்ளேயே போய்விடும்.

ஒரு தடவை, நான் முந்தானை நனைய அழுத ஒரு படத்தை அந்த மீசைக்காரர் “டுயிட் தண்டம்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாயிலிருந்து எழுந்து நாலு கேள்வி கேட்டுவிடலாமா என்று இருந்தது. இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருஷம் அந்த மனுஷன் வீட்டிலிருந்துதான் பெண் கேட்டு வந்தார்கள்.

நல்ல மனிதர், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி இன்றுவரை அவரிடம் ஒரு வார்த்தை வாதாடியதில்லை. மனசுக்குள் மட்டும் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். அதில் எப்போதும் நான்தான் ஜெயிப்பேன்.

நான் பார்த்த பொம்மைப் படங்கள்

பவானிக்குச் சின்ன வயதிலிருந்தே வரைகிற பைத்தியம். பள்ளிக்கூடம் முடித்ததும் பொம்மைப் படம் செய்யப் படிக்கிறேன், ஜொகூரில் கல்லூரி இருக்கிறது என்றாள். என் வீட்டுக்காரருக்கு அவள் ஆசிரியை ஆக வேண்டும். “பொம்ம போட்டா சோறு வேகுமா?” என்று கேட்டார். வீட்டில் இரண்டு மாதம் அடுப்பு எரிந்ததே தவிரப் பேச்சு இல்லை. கடைசியில் அவள் கிளம்பிவிட்டாள். அவர் வழியனுப்ப வரவில்லை.

அந்தக் கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. சோறு நன்றாகவே வேகிறது. அவள் வீட்டுக்கு வந்தால் அவர்தான் முதலில் வாசலுக்குப் போவார். ஆனால் பேசுவது டயரில் காற்று இருக்கிறதா, எண்ணெய் மாற்றினாயா என்பது மட்டும்தான். அவள் வேலையைப் பற்றி அவர் கேட்டதில்லை. எனக்கும் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அவள் எதை வரைகிறாள், எந்தப் பகுதி அவளுடையது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

படத்துக்கு அழைத்தபோது போனில் அவளே சொல்லிவிட்டாள்.

“நம்ம வீட்டுல எல்லாப் படத்துக்கும் அபிப்பிராயம் இருக்கும்மா. பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோவுக்குக்கூட இருக்கு. நான் செய்யுறதுக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. இந்தப் படத்தையாவது பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க. மோசம்னாலும் சரி.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்கள் நான்கு பேரும் ரவாங்குக்குப் போனது. அது அவள் அப்பாவின் வார்த்தை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவள் ஜொகூருக்குப் போன நாளிலிருந்து மத்தியானத்தில் நான் தனியாகப் பொம்மைப் படங்கள் பார்க்கிறேன். முதலில் டிவியில், இப்போது போனில். மகள் அப்படி என்னதான் படிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆரம்பித்தது. பிறகு ருசி பட்டுவிட்டது.

போன மாதம் மட்டும் நிறையப் பார்த்தேன். பேசுகிற வண்டிகளைப் பற்றி ஒன்று. எனக்கு ஒட்டவில்லை. தொழிற்சாலையில் இயந்திரத்தோடு காலம் தள்ளியவளுக்கு இயந்திரம் வாய் திறந்தால் வேடிக்கையாக இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஜப்பான் படம் ஒன்றில் ஒரு பெண் சூப் கொதிக்கவைக்கிறாள். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. மூடியைத் திறந்ததும் ஆவி எழும்புகிறது, அவள் கண்ணாடி மங்குகிறது, துடைத்துப் போட்டுக்கொள்கிறாள். அதை மட்டும் நான்கு முறை திருப்பிப் பார்த்தேன்.

எனக்கு ஒரு பெரிய மனக்குறையும் உண்டு. இந்தப் பொம்மைப் படங்களில் ஏன் அம்மாக்கள் எல்லாரும் முதல் பத்து நிமிஷத்தில் செத்துப்போகிறார்கள்? வெள்ளத்தில் ஒருத்தி, வேட்டைக்காரனிடம் ஒருத்தி, பிரசவத்திலேயே ஒருத்தி. பிள்ளை வீரனாக வேண்டுமென்றால் அம்மா போய்ச் சேர வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? அம்மா அடுப்படியில் இருக்கும்போதே பிள்ளைகள் எத்தனையோ வீரம் காட்டுகிறார்கள், என் வீட்டிலேயே ஒருத்தி காட்டினாள்.

பவானியின் படத்தில் அம்மா சாகவில்லை. அதற்கே அவளுக்கு மாலை போடலாம்.

தோசைக் கடைத் தீர்ப்பு

தியேட்டரிலிருந்து இறங்கிப் பக்கத்துத் தெருவில் ஒரு தோசைக் கடைக்குப் போனோம். மின்விசிறிக்கு அடியில் வட்ட மேசை. பால் சேர்த்து ஆற்றிய தே தாரிக் வந்தது. பெயர் பார்க்காமல் வந்த குற்றத்துக்கு ஈடுகட்டுவதுபோல எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு அபிப்பிராயம் சொன்னார்கள்.

படத்தின் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்பது மகளின் உத்தரவு. கதையை மட்டும் சொல்கிறேன். கோலசிலாங்கூர் மலை மேல், சுற்றுலா வருகிறவர்களிடம் பயத்தங்காய் வாங்கித் தின்கிற சாம்பல் குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறமாக இருக்கும். சில மாதத்தில் சாம்பலாகிவிடும். படத்தில் ஒரு குட்டி நிறம் மாறவே மாட்டேன் என்கிறது. கூட்டம் முணுமுணுக்கிறது. குட்டி ஆற்றுக்கு அக்கரை போய் வாழப் போகிறேன் என்கிறது. அம்மாக் குரங்கு அதை ஆற்றங்கரை வரை கூட்டி வந்து அனுப்பிவைக்கிறது. அதற்குப் பிறகு முதலை, வெள்ளம், சிரிப்பு, அழுகை எல்லாம் உண்டு.

“பாட்டு இருந்திருக்கலாம்,” என்று நாகப்பன் அண்ணன் தன் நிலையிலேயே நின்றார். “அந்தக் கெழட்டுக் குரங்குக்காவது ஒரு தத்துவப் பாட்டு குடுத்திருக்கலாம் லா, பவானி.”

“நான் முதலை வந்தப்ப அண்ணியோட கையக் கிள்ளிட்டேன்,” என்றாள் வசந்தா. “பொம்மைன்னு தெரியுது. தெரிஞ்சும் பயமா இருக்கே. ஆனா ஒண்ணு பவானி, குட்டிக்கு ஒரு ஜோடி காட்டியிருக்கணும். இப்படித் தனியா விட்டுட்டீங்களே.”

“அது கொழந்த, அத்தை,” என்றாள் பவானி சிரித்துக்கொண்டு.

எல்லாரும் பேசி முடித்த பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் தோசையை முடித்து, கை கழுவிவிட்டு வந்து, கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழைய லோரி ஞாபகம் வந்துவிட்டது எனக்கு. இன்றைக்கும் அதே யோசனை, அதே இழுப்பு. ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவைத்தால் வீட்டுக்குப் போய் அவருக்கு இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

“குரங்கு குரங்காத்தான் இருந்துச்சு,” என்றார். “சட்ட சிலுவாரு மாட்டி மனுசன் மாதிரி ஆட விடல. அது நல்லது.”

கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மகளைப் பார்க்காமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

“ரெண்டு வாட்டி பாக்கலாம்.”

வசந்தா மேசையைத் தட்டினாள். “கேட்டியா பவானி? உங்கப்பா வாயில இது வந்து எத்தன காலமாச்சு தெரியுமா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷர் கடைசியில் சொல்லிவிட்டார். இத்தனை வருஷ இறுக்கம் ஒரு தோசைக் கடையில் அவிழ்ந்தது என்று சந்தோஷமாக இருந்தது.

“தேங்க்ஸ்பா,” என்றாள் பவானி. மனதாரத்தான் சொன்னாள், சந்தேகமில்லை. ஆனால் அப்புறமும் தோசையைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. அவள் முகம் இன்னும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தது. அவள் அப்பா இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

ஈஜோக் சாலையில்

வசந்தாவும் அண்ணனும் பத்தாங் காலிக்குக் கிளம்பிவிட்டார்கள். பவானி எங்களைத் தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் பின்னால். ரவாங்கைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிட்டது. நான் முன்னால், மடியில் பையோடு. இரண்டு பக்கமும் செம்பனை ஆரம்பித்தது. வெயில் இன்னும் இருந்தது.

“நீங்க என்னா நெனச்சீங்கம்மா?” என்றாள்.

“எதப் பத்தி?”

“படத்தப் பத்தி.”

“நல்லா இருந்துச்சு.”

“அது அத்தைக்குச் சொல்ற பதில். எனக்கு நெசமா சொல்லுங்க.”

எனக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. அந்த லோரிக் காலத்திலிருந்து பார்த்த அத்தனை படத்துக்கும் சேர்த்து, முதல் தடவையாக என்னிடம் ஒருவர் கேட்கிறார். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“ஆத்துத் தண்ணி நல்லா இருந்துச்சு,” என்றேன். “வேற யாராச்சும்னா நீலமா போட்டிருப்பாங்க. நம்ம ஆறு தே தாரிக் நெறந்தானே, அப்படியே போட்டிருந்தாங்க. மழ வரதுக்கு முன்னால எல எல்லாம் திரும்புது பாரு, அதுவும் நல்லா இருந்துச்சு. அந்த மாமாக் குரங்கு ரொம்பப் பேசுது. பாதி கொறச்சிருக்கலாம்.”

“ம்.”

“அப்புறம் அந்த அம்மாக் குரங்கு. வேர்த்தா தோளத் தூக்கி அதுல மூஞ்சியத் தொடைக்குது. மருந்து அடிக்கிறப்போ நாங்க அப்படித்தான் செய்வோம். கையில மருந்து இருக்கும்ல, மூஞ்சியில கை வைக்க மாட்டோம். குரங்குக்கு அந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல, ஆனா எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

பவானி சாலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு ருசி ஏறிவிட்டது. வாய் நிற்கவில்லை.

“ஒரு எடம்தான் பிடிக்கல.”

“எது?”

“ஆத்தங்கரையில குட்டிய அனுப்புறப்போ. கையப் பிடிச்சிருக்கு, அந்த மரக்கட்ட மெதந்து வருது, டக்குன்னு கைய விட்டுருச்சு. எந்தப் பெத்தவளும் அப்படி விட மாட்டா. கொஞ்ச நேரமாச்சும் இழுத்துப் பிடிச்சிருக்கணும். யாரு செஞ்சாங்களோ, அவங்களுக்கு அம்மான்னா என்னான்னு தெரியல போல.”

முன்னால் ஒரு குலை லோரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதை முந்தவில்லை.

“நாந்தாம்மா செஞ்சேன்,” என்றாள். “அம்மாக் குரங்கு முழுக்க என்னோட வேல. அந்த எடத்துக்கு மட்டும் மாசக்கணக்கா உக்காந்தேன். டைரக்டர்கூடக் கேட்டாரு, இன்னும் கொஞ்சம் பிடிச்சிருக்கலாமேன்னு. நாந்தான் முடியாதுன்னேன். எனக்குத் தெரிஞ்ச அம்மா அப்படித்தான் விட்டாங்கன்னு சொன்னேன்.”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது.

செரண்டா ரயில் நிலையம். காலை வெயில். அவளுக்கு ஒரு பெட்டி, ஒரு தோள்பை, பிளாஸ்டிக் பையில் நான் கட்டிக் கொடுத்த புளிச்சோறு. ரயில் வரும்வரை அவள் கை என் கைக்குள்தான் இருந்தது. ரயில் வந்து கதவு திறந்ததும் நான் விட்டுவிட்டேன். போய்ட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. அவள் ஏறினாள், கதவு மூடியது, ரயில் போய்விட்டது. அவள் அதை இத்தனை காலம் வைத்திருந்திருக்கிறாள். ஊரே பார்க்கும்படி திரையிலும் போட்டுவிட்டாள். அவள் ஒரு வார்த்தை கேட்டது யாரிடம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“டக்குன்னு விட்டுட்டீங்களேம்மா,” என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. “அப்பாவுக்குத்தான் பிடிக்கல. உங்களுக்கும் பிடிக்கலையோன்னு ரயில்ல அழுதுக்கிட்டே போனேன். நான் போனா போவட்டும்னு நெனச்சீங்களோன்னு.”

“அடிப்பாவி,” என்றேன். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா, போகாதன்னு வாயில வந்திருக்கும். நான் சொல்லியிருந்தா நீ எறங்கியிருப்ப. உங்கப்பா வீட்டுல அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு. நீ போகணும்னுதான் விட்டேன்.”

பின்னால் குறட்டை ஒரு தடவை நின்று மறுபடி ஆரம்பித்தது.

பவானி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததால். “இத முன்னமே சொல்லியிருந்தா அந்த சீன வேற மாதிரி செஞ்சிருப்பேன்,” என்றாள். “இப்ப மாத்த முடியாது. படம் ஓட ஆரம்பிச்சிருச்சு.”

“நீ கேட்டாத்தானே சொல்ல முடியும்.”

“இப்பக் கேட்டேன்ல.”

“இப்பச் சொன்னேன்ல.”

அவள் சிரித்தாள். இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். கம்ப்யூட்டரில் வேலை செய்து செய்து விரல் முனை தட்டையாகிப்போன கை. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

குலை லோரி வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. முன்னால் சாலை காலியாக இருந்தது.

“விடுங்கம்மா, வளைவு வருது,” என்றாள்.

“மெதுவா போ,” என்றேன்.